மூன்றாவது வரி

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை அரைத்தாளுக்கு மேல் வராது. கிள்ளானில் ஓர் இணைப்பு வீடு. ஷா ஆலமில், ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்புவார், மாலை ஆறே முக்காலுக்குத் திரும்புவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவர் வீட்டுக் கூடத்தில் எங்கள் நிறுவனத்தின் பாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. எதையும் எதற்காக என்று சொல்ல மாட்டார்.

அந்தக் கடைசிக் குறிப்பு மட்டும் எனக்கு முதலிலேயே புரிந்திருந்தால், மற்றவற்றை எழுத வேண்டியே வந்திருக்காது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். பதினோரு மணிக்கு மேல் ரசத்தின் வாசனையோடுதான் வேலை நடக்கும். இணையத்திலிருந்து பாட்டை எடுத்து வீட்டில் ஒலிக்கச் செய்யும் சின்னப் பெட்டியும், அதை இயக்கும் கைப்பேசிச் செயலியும் எங்கள் சரக்கு. நான் சோதனைப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். ஆள் போதாததால் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவதும் என் பொறுப்பாயிற்று.

கோபக்காரர்களை நான் வகை பிரித்து வைத்திருந்தேன். முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே எழுதுகிறவர்கள். சமூக ஊடகத்தில் போட்டுவிடுவேன் என்கிறவர்கள். பெட்டியைக் குப்பைத் தொட்டியின் மேல் வைத்துப் படமெடுத்து அனுப்புகிறவர்கள். அவருடைய முதல் கடிதம் எந்த வகையிலும் சேரவில்லை. தமிழில் இருந்தது. "திங்கள், 6.45, பாட்டு நின்றிருந்தது. செவ்வாய், 6.50, நின்றிருந்தது. புதன் பொது விடுமுறை, வீட்டில் இருந்தேன், நிற்கவில்லை. வியாழன், 6.45, நின்றிருந்தது. தயவுசெய்து பார்க்கவும்."

குறை கேட்டே வயிறு வளர்க்கும் எனக்கு அந்தக் கடிதம் பரிசு போல இருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் அனுப்பும் பட்டியலையே அவருக்கும் அனுப்பினேன். வைஃபை பெட்டியை அணைத்துப் போடவும். பாட்டுப் பெட்டியை அடுப்பறையிலிருந்து தள்ளி வைக்கவும். செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றவும். பெரும்பாலானவர்கள் இதில் பாதியைச் செய்யாமலேயே செய்தேன் என்பார்கள். அவர் ஒரு நாளைக்கு ஒன்றாகச் செய்து, எண் போட்டு, எதிரே முடிவையும் எழுதினார். ஒவ்வொன்றின் எதிரிலும் "மாற்றம் இல்லை" என்று இருந்தது.

அதன் பிறகுதான் போனில் கூப்பிட்டேன். மேடம் என்று ஆரம்பித்ததும் தடுத்துவிட்டார்.

"மேடம் வேண்டாம்மா. எங்க ஃபேக்டரில ஒருத்தங்களைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். அவங்க வந்தா எல்லாரும் டாய்லெட்டுக்குப் போயிடுவாங்க. அக்கான்னே கூப்பிடுங்க."

நானும் தரப் பரிசோதனைதான் என்று சொன்னபோது அவருக்கு மகிழ்ச்சி. உங்கள் பெட்டிக்குள்ளும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பீர்களா என்று கேட்டார். ஊற்றினால் வேலை போய்விடும் என்றேன். சிரித்தார். அவர் சிரிப்பு சிறியது, ஒரு மூச்சு அளவுதான். கையுறையைத் தொங்கவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் காத்திருந்து சொட்டுகிறதா என்று பார்ப்பார்களாம். "ஓட்டை இருக்கா, இல்லையா. அதோட நம்ம வேலை முடிஞ்சுது. ஏன் வந்துச்சுன்னு கேக்கறது வேற டிபார்ட்மென்ட்."

அவர் அந்த வழக்கத்தைத் தொழிற்சாலையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவருக்கு விடுமுறையான ஒருநாள் காலை அவரைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் நான் கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அரை மணி தாமதமாகக் கூப்பிட்டு, சாதாரணமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "குரல் ஒரு மாதிரி இருக்கும்மா. போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றார். போய்க் குடித்துவிட்டு வந்தேன். லைனில் இருந்தார். விட்ட இடத்திலிருந்து வைஃபை பற்றித் தொடர்ந்தார். அன்று எனக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. யாரும் கேட்காமல் இருந்ததற்காக நான் நன்றியோடு இருந்தது அந்த ஒருமுறைதான்.

இன்னொரு முறை, ஜோடிப் பாட்டுகளை மட்டும் ஓடவிட முடியுமா என்று கேட்டார். ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி வரவேண்டுமாம். எந்தப் பாடகர், எந்தக் காலத்துப் பாட்டு என்று கேட்டேன். எதுவானாலும் பரவாயில்லை என்றார். எதுவானாலும் பரவாயில்லை என்று பாட்டுக் கேட்கிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏன் அக்கா என்றேன்.

"சும்மாதாம்மா."

ஒரு தொகுப்பைச் செய்து அனுப்பினேன். நன்றி என்று பதில் எழுதினார். எங்கள் தானியங்கிக் கடிதங்களுக்கும் அவர் பதில் எழுதுவார். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்" என்று இயந்திரம் அனுப்பினாலும், "சரி, நன்றி" என்று அவரிடமிருந்து வரும்.

பாட்டு ஏன் நிற்கிறது என்பதை ஐந்தாவது வாரம் கண்டுபிடித்தேன். அது பழுதே இல்லை. நாங்கள் வைத்த விதி. நான்கு மணி நேரம் யாரும் செயலியைத் தொடவில்லை என்றால், "இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கைப்பேசித் திரையில் ஒரு கேள்வி வரும். பத்து நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் பாட்டு நின்றுவிடும். கேட்க ஆளில்லாத பாட்டுக்கும் உரிமத் தொகை கட்டுவானேன் என்பது நிறுவனத்தின் கணக்கு. தொழிற்சாலைக்குள் அவர் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பதினோரு மணிக்குக் கேள்வி லாக்கருக்குள் ஒளிரும். பதினொன்று பத்துக்குக் கிள்ளானில் பாட்டு நிற்கும்.

இதைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் கேள்வி வராமல் செய்ய முடியுமா?

எங்கள் குழுவில் எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பவர் தினேஷ். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்று வேலை நடக்கும். சுற்றின் தொடக்கத்தில் கோரிக்கைகளை ஒவ்வோர் அட்டையாகத் திரையில் காட்டுவோம். ஒவ்வோர் அட்டையிலும் மூன்று வரிகள். நான் யார். எனக்கு என்ன வேண்டும். எதற்காக. மூன்றாவது வரி காலியாக இருக்கும் அட்டையைத் தினேஷ் எடுக்கவே மாட்டார். எதற்காக என்று தெரியாமல் எதைச் செய்தாலும் அது தப்பாகத்தான் வரும் என்பது அவர் கொள்கை. நியாயமான கொள்கை. நானும் நம்பினேன்.

அந்த மூன்றாவது வரிக்காக அவரை இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் சும்மாதான் என்றார். வேறு வழியில்லாமல், "நாள் முழுதும் இசையை ரசிப்பதற்காக" என்று நானே எழுதினேன். தினேஷ் படித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"காலைல ஏழு மணிக்கு வேலைக்குப் போறாங்க. வீட்டுல யாருமில்ல. அப்புறம் யாரு ரசிக்கிறா, பல்லியா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அன்றிலிருந்து அதற்குப் பல்லி அட்டை என்று பெயர். யாரோ அட்டையின் மூலையில் பச்சை நிறத்தில் 'பல்லி' என்று அடையாளமும் ஒட்டிவிட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது கடைசிக்கு நகர்ந்தது, அங்கிருந்து அடுத்த சுற்றின் கடைசிக்கு. குப்பைத் தொட்டிப் படம் அனுப்பியவர்களின் குறைகள் அந்த வாரமே தீர்ந்தன. அவர் கத்தவில்லை. எங்கள் முறையில் கத்தாதவருக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, "நன்றி. காத்திருக்கிறேன்" என்று பதில் வந்தது. இப்படி ஆறு மாதம்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் ஒரு வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் தினேஷ் வைத்த வழக்கம். நான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்ததும் கிள்ளான் ஸ்டேஷனுக்கே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் நினைத்திருந்ததைவிட உயரம். வேலையிட அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை, அப்பா அம்மா பந்திங்கில் இருக்கும்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஏன் தனியாக அறை எடுத்திருக்கிறாய் என்று வழியெல்லாம் கேள்வி வரும் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சாலையைப் பற்றி மட்டும் பேசினார். அந்த மேம்பாலத்தில் லோரி போனால் ஓட்டுவதற்குப் பயம் என்றார்.

வீடு வந்தது. கேட்டுக்கு நான்கடி முன்னாலேயே காரை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். அப்படியே இருந்தார். எதையாவது மறந்துவிட்டாரோ என்று பார்த்தேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து வீட்டின் பக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு நாய் ஒருமுறை குரைத்தது. வேறு சத்தமில்லை.

"நின்னுடுச்சு" என்றார்.

நாங்கள் இறங்கவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால்தான் சொன்னாரோ என்னவோ.

"கேட் கிட்ட வரும்போதே உள்ள பேச்சுக் குரல் மாதிரி கேக்கும்மா. பாட்டுன்னு தெரியும். இருந்தாலும் கதவைத் தொறக்கறப்ப யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். நின்னு போயிருந்தா, நானே வந்து, நானே தொறந்து, நானே லைட்டைப் போடணும்." பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டே, "சும்மா சொன்னேம்மா" என்றார்.

உள்ளே தேநீர் தந்தார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள். ஐந்தின் மேல் பழைய செய்தித்தாள்களும், மடித்த துணிகளும், கையுறைப் பெட்டிகளும் இருந்தன. எனக்காக ஒன்றைக் காலி செய்தார். வேறு யார் யார் அங்கே உட்கார்ந்திருந்தார்கள், எப்போது எழுந்து போனார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது.

திரும்பும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்தேன். நானும் என் அறைக்கு நானே போய் நானே விளக்குப் போடுகிறவள்தான். கூடத் தங்கியிருந்தவள் சிங்கப்பூருக்குப் போய் ஒரு வருடமாகிவிட்டது. அதை ஒரு குறையாகப் பதிவு செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதிக்கொண்டேன். ஷா ஆலம் நிலையத்தைத் தாண்டும்போது அட்டையின் மூன்றாவது வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதி முடித்திருந்தேன். ஆறு மாதமாகக் கிடைக்காத வரி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான் அப்போது இருந்தது.

திங்கட்கிழமை தினேஷ் அதைப் படித்தார்.

"இதை ஏன் முன்னாடியே எழுதல?" என்றார். அட்டையைப் பிடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. அமைப்புகள் பக்கத்தில் 'நிறுத்தாமல் ஒலிக்கட்டும்' என்று ஒரு பொத்தான். சுற்றின் முடிவில் செய்தவற்றை எல்லோருக்கும் காட்டும் கூட்டம் நடக்கும், அதற்கு ஒரு வாடிக்கையாளரையும் அழைப்போம். இந்த முறை அவரை அழைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். போனில் கேட்டதும், லீவு எடுக்க வேண்டியிருக்கும் என்று தயங்கினார். பிறகு, "உங்க ஆபீஸைப் பாத்த மாதிரி இருக்கும், வரேன்" என்றார்.

கூட்டத்துக்கு முன்னால் நான் சரிபார்க்கும் பட்டியல் ஒன்று உண்டு. நாற்காலிகள். ஒலிபெருக்கி இணைப்பு. வாடிக்கையாளரின் பெயர் எங்கும் தெரியக் கூடாது. அன்று காலை அதில் ஒரு வரி சேர்த்தேன்: பல்லியை எடுத்துவிட வேண்டும். அட்டையின் மூலையில் இருந்த பச்சை அடையாளத்தை நீக்கினேன். பழைய பதிவுகளில் எங்காவது இருக்கிறதா என்று மூன்று முறை தேடினேன். அவர் மனம் புண்படும்படியாக எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பட்டியலில் சரிக்குறி போட்டேன்.

அவர் ஒரு டப்பா நிறைய, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் கொண்டுவந்திருந்தார். முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டிலிருந்தே கூட்டத்தில் சேர்ந்த மூன்று பேர் பக்கத்துத் தொலைக்காட்சியில் தெரிந்தார்கள். தினேஷ் அட்டையைத் திரையில் போட்டார். ஆங்கிலத்தில் இருந்தது, எழுத்துகள் சுவர் அளவுக்குப் பெரிதாக இருந்தன. முதல் வரி: நான் தனியாக வாழும் ஒரு பெண். இரண்டாவது வரி: எனக்குப் பாட்டு நிற்காமல் ஒலிக்க வேண்டும். மூன்றாவது வரி: வீடு திரும்பும்போது உள்ளே யாரோ இருப்பதுபோல் இருப்பதற்காக.

தினேஷ் அதை வாய்விட்டுப் படித்தார். நல்ல மனதோடுதான் படித்தார், குரல்கூடக் கொஞ்சம் இறங்கியது. பின்வரிசையில் யாரோ இரக்கமாக ஒரு சத்தம் எழுப்பினார்கள். "அந்த வாடிக்கையாளரே இன்னிக்கு நம்மகூட இருக்காங்க" என்று தினேஷ் கையை நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் பக்கவாட்டிலிருந்து அவரைப் பார்த்தேன். அவர் திரையைப் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றிய கையுறையின் முன்னால் அவர் எப்படி நிற்பார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அசையாமல், ஒவ்வொரு விரலாக.

ஏதாவது சொல்கிறீர்களா அக்கா என்று தினேஷ் கேட்டார். அவர் எழுந்தார். "நல்லா செஞ்சிருக்கீங்க. நன்றி" என்றார். உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை இருந்தார்.

படிக்கட்டில் அவரோடு இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அதைக் கேட்டவங்க, டிவில தெரிஞ்சாங்களே மூணு பேர், அவங்களையும் சேத்தா பதினாலு. இல்லையாம்மா?"

"ஆமாக்கா."

"சரி."

கீழே வந்ததும், கறிபாப் ஆறிவிடும், எல்லோரையும் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். ஸ்டேஷன் வரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வழி தெரியும் என்றார். நடைபாதைப் பூக்கடைகளைத் தாண்டி அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே வந்தபோது டப்பா காலியாகியிருந்தது. தினேஷ் எனக்காக ஒன்றை எடுத்து வைத்திருந்தார்.

அடுத்த வாரம் பொத்தான் வெளியானது. அவருக்கு முதல் ஆளாகச் செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. இயந்திரத்துக்குக்கூடப் பதில் எழுதியவரிடமிருந்து பதில் வரவில்லை. பிறகு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஏன் அப்படி நடந்தது என்பதற்கு ஐந்து காரணங்கள், எண் போட்டு. படிக்கப் படிக்க ஒவ்வொன்றாக நீக்கினேன். கடைசியில் "மன்னிச்சிடுங்க அக்கா" என்பது மட்டும் மிஞ்சியது. அதை அனுப்பினேன். மறுநாள் மதிய இடைவேளை நேரத்தில் பதில் வந்தது. "சரிம்மா."

பத்து நாள் கழித்து அவர் கணக்கு ரத்தான தகவல் வந்தது. ரத்து செய்கிறவர்கள் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். எதற்காக விலகுகிறீர்கள் என்பதற்கு ஒரு கட்டம், காலியாக விட்டால் படிவம் போகாது. வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ள அது அவசியம் என்று நாங்கள் கூட்டம் போட்டு முடிவு செய்த கட்டம். அவர் அதில் ஒரு புள்ளி வைத்திருந்தார். புள்ளி மட்டும்.

வெறும் புள்ளியை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளும் கட்டம் முறைப்படி ஒரு பழுது. நான் பார்த்த அன்றே பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு வருடமாகிறது. பதிவு செய்யவில்லை.

அந்தப் பொத்தான் இன்னும் இருக்கிறது. நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள், எதற்காக என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை. என் அறையிலும் ஒரு சோதனைப் பெட்டி உண்டு. அலுவலகத் திரையில் எல்லாச் சோதனைப் பெட்டிகளின் நிலையும் தெரியும். போன வாரம் தினேஷ் என் மேசைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் பெட்டி காலைலருந்து ஓடுது. ஜோடிப் பாட்டா வேற ஓடுது. உன் ரூம்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"அப்புறம் எதுக்குலா?"

"சும்மாதான்" என்றேன்.

இன்னும் ஏதோ சொல்வேன் என்று அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் அடுத்த அட்டையைத் திறந்தேன்.